வேனில் இரண்டு சார்ஜர்கள்

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிடுகிறேன்.

போர்மேன் சீனிச்சாமி. கேட்டில் நின்றார்.
காண்ட்ராக்டர் ஹரிஷ்குமார். செக்கிங் வருகிறவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு ஆபீஸ் வாசலில் நின்றார்.
பீவி ஜான். பட்டாசுத் திரி வெட்டுகிறவர். என் வேனில், முன் சீட்டில் இருந்தார்.
வேல்விழி. பீவி ஜானோடு ஒரே ரூமில் வேலை செய்தவள். பழைய சாமான் ரூமில் இருந்தாள்.
வேன் டிரைவர் வேதமாணிக்கம். அது நான்.

செக்கிங் வந்த அதிகாரிகளின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்கள் வருவதற்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது.

நீங்கள் கேட்ட கேள்வி சின்னது. வேல்விழியின் போன் ஏன் அணைந்தது என்று கேட்டீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மேஜை மேல் வைத்திருக்கும் அந்தச் சார்ஜரைக் காட்டி, இது எப்படிப் பழுதானது என்றும் கேட்டீர்கள். கார் சார்ஜரைப் பற்றி என்னிடம் யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற ரூம்களில் கரண்ட் கிடையாது. போனையும் உள்ளே விடமாட்டார்கள். வேலைக்கு வருகிற பெண்கள் காலையில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும். ஸ்டியரிங் பக்கத்தில் லைட்டர் சாக்கெட், அதில் ஒரு சார்ஜர். ஊரில் கரண்ட் இல்லாத நாளில் எல்லோருக்கும் அந்த ஒரு சார்ஜர்தான். முறை வைத்து ஒவ்வொரு போனாக மாட்டி எடுப்பேன். யாரும் என்னை அதற்கு வைக்கவில்லை. நானாகச் செய்தேன்.

வெளியூர்க்காரர்கள் ஒரு சார்ஜரை இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். இங்கே ஒரு தீபாவளி சீசன் தாங்கினால் பெரிது. காரணம் அலுமினியப் பொடி. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் வெள்ளியாக நிற்கும். அந்த விரலால் போனைத் தொட்டு, வயரைத் தொட்டு, சார்ஜர் வாயெல்லாம் பொடி ஏறிவிடும். அதோடு ரோட்டின் குலுக்கல். சாக்கெட்டுக்குள் போகிற பகுதியில் இரண்டு பக்கமும் காது மாதிரி ஸ்பிரிங் தகடு இருக்கும், நுனியில் ஒரு பித்தளை மூக்கு. காது படுத்துவிட்டால் சார்ஜர் ஆடும். ஆடினால் மூக்கில் பொறி தட்டும், கருக்கும். கருத்தால் சூடாகும். தொட்டால் கை சுடுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது என்றால் அன்றே தூக்கிப் போட வேண்டும். வயரின் கழுத்தில் உள்கம்பி அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும். அந்த நிலைக்கு வந்ததையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

வெடித்துச் சாகிற சார்ஜர் குறைவு. நிறையச் சார்ஜர் வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டேதான் சாகும். விளக்கு எரியும். போனில் கோடு ஏறி ஏறி இறங்கும். உள்ளே ஒன்றும் போகாது. நீங்கள் கவரில் வைத்திருப்பது அந்த ரகம்.

நான் முன்பு திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள். இரவெல்லாம் மெஷின் ஓடும், பகலில் தூக்கம் வராது. விழித்திருக்கக் கூடாத நேரத்தில் வருஷக்கணக்கில் விழித்திருந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் அட்டையில் அடித்த முகம் மாதிரித் தெரிய ஆரம்பிப்பார்கள். வீட்டில் என் மனைவி ஜெனிட்டாவின் முகமும் அப்படித் தெரிந்த நாளில் பாதி ஷிப்டில் எழுந்து வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. வேன் ஓட்ட வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததற்கெல்லாம் இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

இனி வேல்விழி.

ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வேனில் போய்க்கொண்டிருந்தோம். பீவி ஜான் தன் போனைச் சார்ஜரில் போட்டு வயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாணிக்கம், இது என்ன பச்சப்புள்ளையா? தலையச் சாய்ச்சுப் புடிச்சாத்தான் குடிக்குது."

"சாய்ச்சுப் பிடிச்சாத்தான் ஏறுதுன்னா மாத்தணும்னு அர்த்தம்க்கா. நாளைக்கு வேற வாங்கிருவேன்." சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் காது, மூக்கு, கழுத்து என்று ஆரம்பித்துவிட்டேன்.

"யாத்தாடி, ஒரு சார்ஜருக்கு இம்புட்டுப் பேச்சா? இதுல பாதிய ஜெனிட்டாகிட்டப் பேசியிருந்தா அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில நைட் டூட்டி கேட்டு வாங்குமா?"

வேன் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின் சீட்டில் இருந்த வேல்விழியும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இந்தச் செவப்பு லைட்டு எதுக்குண்ணே?"

"வண்டி பேட்டரியில இருந்து கரண்ட் வருதுன்னு காட்டுறதுக்கு. பேட்டரி செத்துட்டா இதுவும் செத்துரும்."

அவள் அதற்குமேல் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் இருந்து அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் எப்போதும் கடைசியாக இறங்குவாள். இறங்கியவள் போகாமல் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு இந்த லைட்டு எரிஞ்சுச்சே."

எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

அவள் புருஷன் கதிரவன் போன சீசனில் எங்கள் கம்பெனியில்தான் இருந்தான். பட்டாசைக் காயப்போடுகிற மேடையில் தீப்பிடித்தது. அவனைத் தூக்கி வேனில் போட்டோம். வேல்விழி செய்தி கேட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டாள், அவன் தலை அவள் மடியில் இருந்தது. வழியில் காண்ட்ராக்டர் போன் செய்தார். "ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டா கேஸ் ஆயிரும். கொஞ்சம் மெதுவாப் போங்க. நான் ஆள் வச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மெதுவாகப் போ என்றுதான் சொன்னார், நில் என்று சொல்லவில்லை. நின்றது என் யோசனை.

கேஸ் ஆனால் கம்பெனிக்குச் சீல் வைப்பார்கள். சீல் வைத்தால் வேன் ஓடாது. வேன் ஓடாவிட்டால் நான் மறுபடியும் மெஷின் முன்னால் போய் நிற்க வேண்டும். சாத்தூர் ரோட்டை விட்டுக் கருவேலங்காட்டுப் பாதையில் இறக்கி எஞ்சினை நிறுத்தினேன். பேட்டரி இறங்கிவிட்டது என்று சொன்னேன். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றேன். கதிரவன் நிறையத் தண்ணீர் கேட்டான். அப்புறம் கேட்கவில்லை. அவள் "அண்ணே, ஸ்டார்ட் ஆகுதா, அண்ணே, ஸ்டார்ட் ஆகுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நேர் எதிரில் என் போன் சார்ஜரில் கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுகிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தீக்காயத்துக்கு முதல் மணி நேரம்தான் முக்கியம் என்று ஜெனிட்டா சொல்லியிருக்கிறாள். எப்போது சொன்னாள் என்று கேட்டால், அதற்கு முன்பே சொல்லியிருக்கிறாள்.

இறங்கிப்போன பேட்டரியிலும் அந்தச் சின்ன விளக்கு எரியும். எஞ்சினைச் சுற்றத்தான் பலம் வேண்டும். வேல்விழி ஜன்னலில் நின்று கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். உண்மையும்கூட. சார்ஜரைப் பற்றி அவ்வளவு பேசிய எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வேனில் ஏறும்போது எல்லோர் முன்னாலும் சாதாரணமாகத்தான் சொன்னாள். "வர்ற திங்கக்கிழமை லீவுண்ணே. சூலக்கரை போறேன். கலெக்டர்கிட்ட ஒரு மனு குடுக்கணும்."

"என்னடி மனு? பட்டாவா?" என்றார் பீவி ஜான்.

"அவுகளுக்குத்தான்" என்றாள். புருஷனைத்தான் அவள் அப்படிச் சொல்வாள்.

அன்று மாலையே சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் புது சார்ஜர் வாங்கினேன். நல்ல சார்ஜர். காது விறைப்பாக இருந்தது, சாக்கெட்டில் ஆடவில்லை. விளக்கே இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். பழையதைத் தூக்கி எறியவில்லை, டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன். இதில் திட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய சார்ஜரை யாரும் எறிவதில்லை.

செக்கிங் நடக்கிற விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததுபோல் எழுதிக்கொண்டீர்கள், பரவாயில்லை. ஒரு ரூமில் நான்கு பேருக்கு அனுமதி என்றால் சீசனில் ஆறு ஏழு பேர் இருப்பார்கள். செக்கிங் என்று தகவல் வந்ததும் கூடுதல் ஆட்களில் பெரும்பாலோர் வேனில் ஏறி வெளியே போய்விடுவார்கள். பதிவில் பெயரே இல்லாதவர்களைச் சாலையில் காட்டக்கூட காண்ட்ராக்டருக்குப் பயம். அவர்களைப் பழைய சாமான் ரூமில் உட்காரவைத்து வெளியே பூட்டுவோம். வெளியே பூட்டுத் தொங்கினால் பயன்பாட்டில் இல்லாத ரூம் என்று அதிகாரிகள் தாண்டிப் போய்விடுவார்கள். இது எங்கள் கம்பெனியில் நடைமுறை. யாரும் தப்பாக நினைத்ததில்லை. போகிற பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள், உள்ளே உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவார்கள். ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. உள்ளே இருப்பவர் கையில் ஒரு போன். சாவி என்னிடம். மூச்சு முட்டுகிறது, உள்ளே ஏதாவது வாடை வருகிறது என்றால் எனக்குப் போன் வரும். நான் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்பேன், வந்து திறப்பேன்.

கதிரவன் செத்த பிறகு வேலைக்கு வந்த வேல்விழியின் பெயர் பதிவில் கிடையாது. பீவி ஜான் பெயரும் கிடையாது. எப்போதும் இருவரும் சேர்ந்துதான் அந்த ரூமுக்குப் போவார்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. சீனிச்சாமி கேட்டில் இருந்து கத்தினார். "ஏலே மாணிக்கம், வண்டிய எடுலே. சூலக்கரையில இருந்து கிளம்பிட்டாங்களாம்."

நான் முதலில் வேனுக்குப் போய்ப் புது சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பழையதைச் செருகினேன். வேல்விழியின் பட்டன் போனை அதில் மாட்டினேன். காலையிலேயே அது செத்துக்கொண்டிருந்தது. அவள் ஊரில் முந்தின இரவு மழைக்குக் கரண்ட் போயிருந்தது. அவள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏறியிருக்காண்ணே?"

"பாரு, லைட்டு எரியுதுல்ல" என்றேன்.

பார்த்தாள். கோடுகள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. விளக்கு எரிந்தால் சார்ஜர் வரைக்கும் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். சார்ஜரில் இருந்து போனுக்குப் போகிறது என்று அர்த்தமில்லை. அன்றைக்கு வேனில் அவ்வளவு விளக்கிய நான் இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

சாமான் ரூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ரூமின் கூரைத் தகரம் மூலையில் ஒழுகும். அதற்குக் கீழேதான் கழிவு மருந்து மூட்டைகள் கிடந்தன. வெடிக்குப் போடுகிற கலவையை இங்கே மருந்து என்போம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், நேரம் கொடுத்தால் பற்றிக்கொள்ளும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக்கூட இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். அன்று காலை ஸ்டெப்னி டயரை எடுக்க அங்கே போனவன் மூட்டை மேல் கை வைத்தேன். காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி இருந்தது. சீனிச்சாமியிடம் சொல்ல வேண்டியது. டயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பீவி ஜானைப் பிரித்ததும் நான்தான். "இந்தக்கா ராத்திரியில இருந்து இருமிக்கிட்டு இருக்கு. உள்ள விட்டா காட்டிக் குடுத்துரும். நான் வேன்ல கூட்டிட்டுப் போறேன்" என்று சீனிச்சாமியிடம் சொன்னேன். சரி என்றார். பீவி ஜான் இருமியது உண்மை. நல்ல மனுஷி. அவர் இல்லாவிட்டால் அந்த வேனில் சிரிப்பு இருக்காது. அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு நான் காரணம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேன் மெயின் ரோட்டுக்கு ஏறியதும் பழைய சார்ஜரை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி என் போனை மாட்டினேன். பெண்கள் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். சாத்தூருக்குப் பாதி தூரம் போயிருப்போம், போன் அடித்தது. ஒரு அடி முழுசாக வந்தது, இரண்டாவது பாதியில் நின்றது.

"யாரு மாணிக்கம்?" என்றார் பீவி ஜான்.

"தெரியலக்கா."

"திருப்பிப் போட்டுப் பாரேன். அந்தப் புள்ளையா இருக்கப் போவுது."

"வண்டி ஓட்டும்போது பேசக் கூடாதுக்கா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பாதியில் நின்ற போனை அழைப்பு என்று சொல்ல முடியுமா என்று அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். சார்ஜர் நன்றாக இருந்திருந்தால் அவள் பேசியிருப்பாள், பேசியிருந்தால் எனக்கு என்னவென்று தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

அதிகாரிகள் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே புகை வந்தது என்று சீனிச்சாமி சொன்னார். பூட்டை உடைக்கக் கடப்பாரை தேடியிருக்கிறார்கள். பொறி பறக்கும் என்பதால் பட்டாசுக் கம்பெனியில் இரும்புக் கடப்பாரை வைத்திருக்க மாட்டோம். மரக்கட்டையால் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் மூட்டைகள் வெடித்துவிட்டன. நான் திரும்பி வரும் வழியில் டீ குடிக்கிற சாக்கில் வேனை நிறுத்திப் புது சார்ஜரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், பழையதைச் சாக்கெட்டில் செருகினேன். நீங்கள் வேனைப் பிடித்தபோது பார்த்தது அதைத்தான்.

இது எதையும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். காண்ட்ராக்டரும் சீனிச்சாமியும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் "வேனில் இருந்த சார்ஜர், டிரைவர் கவனிக்காமல் விட்டதால் பழுது" என்று எழுதியதை மேஜையில் தலைகீழாகப் படித்தேன். இருபது பெண்கள் நம்பிப் போனைக் கொடுத்துவிட்டுப் போன வேன் அது. பழுதான சார்ஜரைக் கவனிக்காமல் வைத்திருக்கிற ஆள் நான் இல்லை. புதியது இதோ, பையில் இருக்கிறது. மாட்டிப் பாருங்கள், ஆடாது.

கடைசியாக அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். சொன்னாள்.

சாமான் ரூம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "பீவிக்கா வரலியா?"

"அது இருமும். நீ மட்டும் இரு."

"உள்ள ரொம்ப வெக்கையா இருக்குண்ணே."

"தகரம்லா. அப்படித்தான் இருக்கும்."

போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"திங்கக்கிழமை நான் போறதுல உங்களுக்கு என் மேல கோவம் இல்லையேண்ணே?"

"கோவம் என்ன தாயி."

"உங்க பேரைச் சொல்ல மாட்டேண்ணே. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க என்ன செய்வீக, காண்ட்ராக்டர் போன்ல சொன்னதைத்தான செஞ்சீக. காண்ட்ராக்டர் பேரை மட்டுந்தான் எழுதச் சொல்லியிருக்கேன்."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கேட்டுக்கொண்டேன். கேட்டில் சீனிச்சாமி மறுபடி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். சாவி கையில் இருந்தது.

"போன் அடிச்சா எடுப்பீகள்ல?" என்றாள்.

"எடுப்பேன். உள்ள போ."

உள்ளே போனாள். கதவைச் சாத்தினேன். கொண்டியை மாட்டிப் பூட்டினேன். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். விழுந்திருந்தது.